பிஞ்சு என்று எறிந்த பூச்சி

மாடம்மாளை வேலையிலிருந்து நிறுத்தும் மெமோவை நான் மூன்று தடவை டைப் அடித்தேன். முதல் இரண்டு தடவையும் வேண்டுமென்றே தப்பு விட்டேன், ஒரு தடவை அவள் பெயரில், ஒரு தடவை தேதியில். மூன்றாவது தடவை பட்டாபி சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அப்புறம் தப்பு விட வழியில்லை. மணி பதினொன்றரை. மூன்று மணிக்கு பிரின்சிபால் கையெழுத்து போட வேண்டியதையெல்லாம் போட்டுவிட்டு ஒரு வாரம் வெளியூர் கிளம்புகிறார். அதற்குள் அந்தக் காகிதம் மாடியேறிவிட்டால் மாடம்மாளுக்கு வேலை இல்லை.

இது 1977-ல். திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரி, அதில் விலங்கியல் துறை. நான் அங்கே டைப்பிஸ்ட், பெயர் சூடாமணி. ஸ்ரீவராகத்திலிருந்து நடந்தே வேலைக்கு வருவேன். என் வாய்க்கு எங்கள் தெருவில் பெரிய பேர் உண்டு. இருபத்தேழு வயதாகியும் கல்யாணம் ஆகாததற்கு ஜாதகத்தைவிட இந்த வாய்தான் காரணம் என்று அம்மா சொல்லுவாள். பட்டாபி சார் துறைத்தலைவர், தஞ்சாவூர்க்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தான் சொன்னது தப்பாக இருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

மாடம்மாள் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில், கூலியாட்களின் லயத்து வீட்டில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பிழைக்க மலையேறியவர்கள். பன்னிரண்டு வயதில் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளப் போனாள். புருஷன் வன்னியபெருமாள் நிழல்மரத்துக் கிளை வெட்டும்போது விழுந்து இறந்தான். அந்த மரத்தடியிலேயே நின்று தினமும் கிள்ளுவதற்கு அவளுக்கு மனசு ஒப்பவில்லை. எஸ்டேட் பதிவேட்டில் பேரை வெட்டச் சொல்லிவிட்டு, லயத்தைக் காலி செய்துகொண்டு இறங்கிவிட்டாள். எஸ்டேட்டில் ஒரு தடவை பேரை வெட்டினால் வெட்டினதுதான். தம்பானூரில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவினாள், பிறகு எங்கள் துறைக்குத் தரை துடைக்க வந்தாள். மலையில் வழி தெரிந்த ஆள் வேண்டும் என்று பட்டாபி சார் அவளைச் சருகு அள்ளக் கூட்டிப்போனார். அன்றிலிருந்து துடைப்பம் பாதி நாள், லென்ஸ் பாதி நாள் என்று எட்டு வருஷம், எல்லாம் தினக்கூலியில். அந்த வருஷம்தான் துறைக்கு ஒரு நிரந்தர அட்டெண்டர் வேலை வந்திருந்தது. அதற்குச் சிபாரிசுக் கடிதமும் அன்றைக்கே, அதே மூன்று மணிக்குள் போக வேண்டும். அடுத்த வருஷம் அவளுக்கு வயசு தாண்டிவிடும். ஆக, அன்று மூன்று மணிக்கு ஒன்று அவள் சாகிறவரை பென்ஷன் வாங்குகிற ஆள், இல்லையென்றால் மறுபடி எச்சில் பாத்திரம். நடுவில் ஒன்றுமில்லை.

சருகில் என்ன ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மழைக்காட்டில் ஒரு கூடை சருகை அள்ளினால் அதற்குள் ஒரு ஊரே இருக்கும். வண்டு, எறும்பு, சிலந்தி, பேர் தெரியாத ஆயிரம். அதைப் பிடிக்க ஒரு ஏற்பாடு உண்டு. சாலை பஜார் என்கிற கடைத்தெருவில் தகரத்தில் செய்து வாங்கிய ஆளுயரப் புனல்கள் ஆறு. புனலில் வலை, வலைமேல் சருகு, சருகுக்கு மேல் நாற்பது வாட் பல்பு, அடியில் ஸ்பிரிட் பாட்டில். பல்பு எரிய எரியச் சருகு மேலிருந்து காயும். ஈரத்தையும் இருட்டையும் தேடிப் பூச்சிகள் கீழே கீழே இறங்கி, கடைசியில் பாட்டிலில் விழுந்து சாகும். நாலு நாள் விளக்கு அணையக் கூடாது. பாட்டிலில் விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி, தூரிகையால் இனம் இனமாகப் பிரிப்பது மாடம்மாள் வேலை.

அதில் தத்துப்பூச்சியும் வரும். நெல்வயலில் கூட்டமாகத் தத்துமே, அந்த ஜாதிதான். ஆனால் இது கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, சருகு நிறம். இறக்கை இல்லை, இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சின்னச் செதில், அவ்வளவுதான். பட்டாபி சாரின் சட்டம் ஒன்று உண்டு: இறக்கை முளைக்காதது பிஞ்சு. இறக்கை முளைத்த பெரிசுகள் பறந்து போயிருக்கும், பிஞ்சை வைத்துக்கொண்டு எந்த இனம் என்று சொல்ல முடியாது, எறி. பிஞ்சுக்கென்று தனி பாட்டில் வைத்து மாசக் கடைசியில் சிங்க்கில் கொட்டுவோம்.

மாடம்மாள் மட்டும் ஒவ்வொரு மாசமும் முனகுவாள். தேயிலையில் பாஞ்சி என்று ஒன்று உண்டாம். பார்வைக்குக் குட்டி இலையாக, கொழுந்து மாதிரியே இருக்கும். ஆனால் வளர்ந்து முடிந்தது, இனி பெரிசாகாது. விரலில் உருட்டினால் முரடு தெரியும். கொழுந்தென்று நினைத்துக் கூடையில் போட்டால் கங்காணி முதுகில் ஏறுவான். இருபது வருஷம் பாஞ்சியைக் கையாலேயே கண்டுபிடித்தவள், இந்தப் பூச்சியைத் தூரிகையால் தொட்டுவிட்டுச் சொல்லுவாள்: "சிறுசா இருந்தா எளசுன்னு அர்த்தமில்ல சார். இது முத்தினதாக்கும்." சார் சிரிப்பார். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். அவருக்குக் கண்ணாடியில் தெரிந்தால்தான் புண்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு முந்தின வாரம் போனக்காட்டிலிருந்து ஆறு சாக்கு சருகு வந்தது. கடைசிச் சருகு. எஸ்டேட்டுக்கு மேலே ஒரு கைப்பிடிக் காடு, வேறு மரம் நடுவதற்காக அதை வெட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் ஓடிப்போய் அள்ளினார்கள். சாக்கு இறங்கிய மறுநாள் கோடாலி ஏறியது. சாரின் ஆராய்ச்சி அறிக்கை அந்த ஆறு சாக்கோடு முடிய வேண்டும். அஷ்டமியன்று காலையில் சருகைப் புனலில் கொட்டி விளக்கைப் போட்டுவிட்டு, நாலு நாள் எரியட்டும் என்று சொல்லி, தங்கை வீட்டுக்கு ரயிலேறிவிட்டார்.

அன்று சாயங்காலம் எங்கள் துறையில் பூஜைவைப்பு. இந்த ஊரில் அது ஒரு பெரிய காரியம். அஷ்டமி சாயங்காலம் புஸ்தகத்தையும் ஆயுதத்தையும் பூஜையில் வைத்தால், விஜயதசமி காலையில் பூஜையெடுக்கும்வரை படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, ஆயுதத்தைத் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் அரிவாள்மணைக்குக்கூட லீவு. நான்தான் அங்கே புரோகிதர் மாதிரி. மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், கத்தரிக்குச் சந்தனம், என் டைப்ரைட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சந்தனம். மாடம்மாள் புனல்களுக்கும் பொட்டு வைத்தாள். வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"டைப்பிஸ்டம்மா, வெளக்கும் பூசைல உண்டா? கொல்லுத வெளக்குல்லா அது. இந்த மூணு நாளும் எரியலாமா?"

நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் கொலுவுக்கு ஆட்கள் வந்திருப்பார்கள், சுண்டல் தாளிக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்: "பூஜைல வெச்சா எல்லாம்தான். ஒண்ணும் வேலை செய்யப்படாது." சொன்னதன் அர்த்தம் என்ன என்று நான் அந்த நிமிஷம் யோசிக்கவே இல்லை. அவள் யோசித்திருக்கிறாள். ஆறு விளக்கையும் அணைத்தாள். அணைத்துவிட்டுச் சும்மா போகவில்லை. கிள்ளின கொழுந்து வாடாமல் இருக்கக் கூடைமேல் ஈரச்சாக்கு போடுவார்களாம், அதுபோல ஆறு புனலுக்கும் நனைத்த சாக்கைப் போர்த்திவிட்டுப் போயிருக்கிறாள். விஜயதசமி காலையில் வந்து விளக்கைப் போடத்தான் நினைத்திருந்தாள். வந்தும் இருக்கிறாள். கேட் பூட்டு, வாட்ச்மேன் ஊரில் இல்லை.

மறுநாள் காலை எல்லாருக்கும் முன்னால் வந்தவர் பட்டாபி சார். நான் போகும்போது அவர் இருட்டுப் புனல்களுக்கு நடுவில் நின்றிருந்தார். பாட்டில் ஆறிலும் ஸ்பிரிட் மட்டும், பூச்சி என்று சொல்ல ஒன்றுமில்லை. அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. காடே வெட்டியாகிவிட்டது, இனி எங்கே போய் அள்ளுவது என்று மெல்லச் சொன்னார். உள்ளே எல்லாம் அழுகியிருக்கும் என்றார். யார் அணைத்தது என்று கேட்டார்.

மாடம்மாள் தான்தான் என்றாள். யார் சொல்லி அணைத்தாய் என்று கேட்டார். நான் அவளுக்கு நாலடி தள்ளி நின்றிருந்தேன். அவள் என் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை.

"ஆரும் சொல்லல சார். எனக்கே தோணிச்சு, அணச்சேன்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அன்று என் வாய் மூடிக்கொண்டு பிழைத்தது. பயம், வேறொன்றுமில்லை. என் சம்பளத்தில்தான் வீட்டில் அரிசி வேகிறது, அண்ணாவுக்கு வேலை இல்லை என்றெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டேன். எல்லாம் நிஜம்தான். ஆனாலும் அந்த நிமிஷம் என்னை எனக்கே பிடிக்கவில்லை. சார் என் பக்கம் திரும்பி, மெமோ அடி என்றார்.

மூன்றாவது தடவை அடித்த மெமோவைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, மத்தியானம் பிரின்சிபாலைப் பார்க்க மாடிக்குப் போனார். போகும்போது மாடம்மாளிடம் சருகையெல்லாம் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டச் சொன்னார். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டு மூடினேன். பக்கத்து அறையிலிருந்து மாடம்மாள் கூப்பிட்டாள். சத்தமே இல்லாமல், தூங்குகிற குழந்தை இருக்கிற வீட்டில் கூப்பிடுகிற மாதிரி. முதலில் ஃபேனை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். கிட்டே வரச் சொன்னாள், மூச்சு விடாமல்.

முதல் புனல் சருகில் கொஞ்சத்தை வெள்ளைத் தட்டில் எடுத்து வைத்திருந்தாள். எறியும் முன்னால் ஒரு தடவை புரட்டிப் பார்க்காமல் இருக்க அவள் கைக்கு முடியவில்லை. அழுகின வாடை இல்லை. மழை பெய்த காட்டு வாடை. ஈரமான ஒரு இலையைப் புரட்டியிருந்தாள். அதன் அடியில் இரண்டு பூச்சிகள், பழுப்பாக, இறக்கையில்லாமல். ஒன்றின் தலை கிழக்கே, மற்றதன் தலை மேற்கே, பின்பக்கம் இரண்டும் ஒட்டியிருந்தன. லென்ஸை என் கையில் கொடுத்தாள். பார்த்தேன். ஒட்டியிருப்பது என்னவென்று புரிந்து எனக்கு முகம் சுட்டது.

"பிஞ்சு குடும்பம் நடத்துமாம்மா?" என்றாள் மாடம்மாள்.

எட்டு வருஷம் சாருக்குப் புரியவைக்க முடியாமல் இவள் முனகியதை அந்த இரண்டு கடுகுகள் சொல்லிக்கொண்டிருந்தன. இறக்கையில்லாமலே முத்தின பூச்சி. பறக்கவே பறக்காத ஒரு ஜாதி. விளக்கு எரிந்திருந்தால் தனித்தனியாகப் பாட்டிலில் விழுந்து செத்திருக்கும், நாமும் பிஞ்சு என்று சிங்க்கில் கொட்டியிருப்போம். ஆனால் பறக்காதே தவிர, தத்தும். ஒரு தத்துக்கு ஒரு முழம் போகும். பிரிந்து ஆளுக்கொரு பக்கம் தத்திவிட்டால் அப்புறம் யார் நம்புவார்கள்? மாடம்மாள் இடது கையைக் கிண்ணம்போலக் குவித்து இலைமேல் கவிழ்த்தாள். சாரைக் கூட்டி வாங்க என்றாள். மணி இரண்டு அடிக்கப் பத்து நிமிஷம்.

மாடி வராந்தாவில் பட்டாபி சார் பிரின்சிபால் அறைக்கு வெளியே காத்திருந்தார். உள்ளே யாரோ இருந்தார்கள். சட்டைப்பையில் மெமோ எட்டிப் பார்த்தது. நான் பூச்சி என்றேன், ஜோடி என்றேன், அவர் காதில் வாங்கவில்லை. வேலை போகிறதென்றால் ஆயிரம் சாக்கு சொல்லுவாள், நீயும் தூது வந்துவிட்டாயா என்றார். அறைக் கதவு திறந்தது. அவர் எழுந்தார்.

"சார், விளக்கை அணைக்கச் சொன்னது நான். அவ என்னைக் காட்டிக்கொடுக்கலை."

அவர் நின்றுவிட்டார். இரண்டு பேரையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்க்க வேண்டும் என்ற வேகத்தில்தான் அவர் இறங்கி வந்தார் என்று நினைக்கிறேன். எதற்காக வந்தால் என்ன, வந்தார். உனக்கும் ஒரு மெமோ உண்டு என்று படியில் சொன்னார். டைப் அடிக்க ஆள் தயார் என்று சொல்லிவிட்டேன். உண்மையைக் கக்கிய தெம்பில் பழைய வாய் திரும்பிவிட்டது.

மாடம்மாள் நான் விட்டுப்போன இடத்தில் அப்படியே நின்றிருந்தாள். இடது உள்ளங்கை தட்டில் கவிழ்ந்திருந்தது. நெற்றியில் வியர்வை. சார் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள்.

"அங்ஙனயே நில்லுங்க சார். தட்டு ஆடினா தத்திரும்."

என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் சொன்னேன், கண்ணால் பார்த்தேன் என்றேன். எப்படி இருந்தது என்று துருவினார். கல்யாணமாகாத டைப்பிஸ்ட் ஒரு ஆணிடம் அதை எப்படிச் சொல்வாளோ அப்படித் தரையைப் பார்த்துச் சொன்னேன். சாரின் முகம் மாறியது. கோபம் போகவில்லை, ஆனால் அதற்குமேல் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. பசிக்கிறவன் முகம் அது. கையை எடு, பார்க்கட்டும் என்றார்.

மாடம்மாள் எடுக்கவில்லை.

"எடுக்கேன் சார். அந்தப் பெர்மனன்ட் கடுதாசில ஒப்பு போட்டு அது மேல போவட்டும். பொறவு எடுக்கேன்."

ஒப்பு என்றால் எங்கள் ஊரில் கையெழுத்து. எட்டு வருஷத்தில் அவள் அவரிடம் கேட்ட முதல் விஷயம் அது. சார் ஒரு எட்டு முன்னால் வைத்துக் கையை நீட்டினார். அவள் உள்ளங்கை விளிம்பு ஒரு நெல் அளவு உயர்ந்தது. அவர் கை அந்தரத்தில் நின்றது. இது மிரட்டல் என்றார். ஆமா சார் என்றாள் அவள், குரல் உயர்த்தாமல். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் என்று கதையில்தான் கேட்டிருக்கிறேன், அன்று நேரில் பார்த்தேன். மணி இரண்டேகால்.

தோற்றது சார்தான். மெமோவை எடுத்து நாலாகக் கிழித்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நாலு வரிச் சிபாரிசு. எட்டு வருஷ அனுபவம், நம்பிக்கையானவர், இந்தப் பதவிக்குத் தகுந்த ஒரே ஆள். என் ஆயுளில் அவ்வளவு வேகமாக நான் அடித்ததில்லை, ஒரு தப்பும் விழவில்லை. அவர் கையெழுத்து போட்டார். பியூன் ஞானையனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். போய்க் கொடுத்தால் மட்டும் போதாது, பிரின்சிபால் ஒப்பு வாங்கிக்கொண்டு வந்து காட்ட வேண்டும் என்றாள் மாடம்மாள். ஞானையனுக்கு முழங்கால் வாதம். அவன் படியேறுகிற சத்தத்தை நாங்கள் மூன்று பேரும் ஒவ்வொன்றாகக் கேட்டோம்.

அந்த இருபது நிமிஷம் என்னால் மறக்க முடியாது. ஃபேன் இல்லாமல் அறை வெந்தது. மாடம்மாள் முழங்கையில் ஒரு கட்டெறும்பு ஏறியது. கடித்தது, அவள் கண் சுருங்கியதில் தெரிந்தது. கை அசையவில்லை. நான் எறும்பைத் தட்டிவிடப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தாள். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே மூச்சு முட்டிச் செத்திருக்குமோ என்று ஒரு தடவை கேட்டார். பிரின்சிபால் முன்னாலேயே கிளம்பிவிட்டால் என்ன செய்வது என்று நான் பத்மநாபசுவாமிக்கு ஒரு நேர்த்தி, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

இரண்டு ஐம்பதுக்கு ஞானையன் இறங்கி வந்தான். பச்சை மையில் கையெழுத்து, கீழே சீல். மாடம்மாளுக்கு எழுத்து தெரியாது. காகிதத்தை என் பக்கம் காட்டச் சொன்னாள். படித்தேன், சரியாக இருக்கிறது என்றேன். காகிதத்தை ஆபீசில் சேர்த்துவிடு என்று ஞானையனை அனுப்பிவிட்டுக் கையை எடுத்தாள்.

இலை இருந்தது. இலைமேல் ஒன்றும் இல்லை.

பட்டாபி சார் தட்டுமேல் அப்படியே குனிந்தார். இலையைப் புரட்டினார், தட்டின் ஓரமெல்லாம் தேடினார். என் கண்ணால் பார்த்தேனே என்று ஏதோ உளறினேன். மாடம்மாள் மரத்துப்போன கையை உதறி உதறி ரத்தம் ஓட விட்டாள். பிறகு வலது கையால் மடியை அவிழ்த்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். குப்பியில் ஸ்பிரிட். ஸ்பிரிட்டில் அந்த இரண்டும், ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே, ஒட்டினது ஒட்டினபடி. நான் மாடிப்படி ஏறும்போதே ஸ்பிரிட் ஒரே சொட்டில் அமுக்கிக் குப்பியில் எடுத்து வைத்திருக்கிறாள். பூச்சி தத்திவிடும் என்று தெரிந்தும் அதை உயிரோடு கைக்குள் வைத்துக்கொண்டு ஆளுக்குக் காத்திருக்கிற வேலைக்காரி இல்லை அவள்.

சார் குப்பியை லென்ஸுக்கு அடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். நிமிரும்போது அவர் கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்திலா, சிங்க்கில் கொட்டிய எட்டு வருஷத்தை நினைத்தா, எனக்குத் தெரியாது. திட்டுவார் என்றுதான் நின்றிருந்தோம். அவர் குரலே எழும்பாமல் கேட்டார்:

"அப்போ இத்தனை நாழி கைக்குள்ள என்னத்தை வெச்சிண்டிருந்தே?"

மாடம்மாள் எறும்பு கடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"எஞ் சோலிய, சார்."